சவரிநாதன் ஜெயித்த வாதம்

சவரிநாதனோடு வாதம் பண்ணி ஜெயித்த ஆள் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒருத்தரும் கிடையாது. ஊர் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தது. அவனும்தான். எதிராளி பேசி முடிக்கும் வரை வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பான். பிறகு மெதுவாகக் கண்ணைத் திறந்து, "நைனா, நீ இப்போ மூணு விஷயம் சொன்ன" என்று ஆரம்பிப்பான். கூட்டம் அப்போதே சிரிக்கத் தயாராகிவிடும். வாய் சாமர்த்தியம் உள்ளவனை நம் ஜனங்களுக்கு எப்போதும் பிடிக்கும். அந்த வாய் யார் குடியைக் கெடுக்கப்போகிறது என்று யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

அப்பன் காலத்திலிருந்து துறைமுகம்தான் சோறு போட்டது. அப்பன் மூட்டை தூக்கினான். மகன் மூட்டை தூக்கும் கிரேனை ஓட்டினான். நடுவில் கொஞ்ச காலம் குருமடத்தில் படித்தான். பிள்ளை சாமியார் ஆகப்போகிறான் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேள்வி கேட்டான் என்பதற்காக அல்ல, பாடம் நடத்திய சாமியாருக்கே பதில் சொன்னான் என்பதற்காக. வீட்டுக்கு வரும்போது ட்ரங்குப் பெட்டியில் ரெண்டு வெள்ளை அங்கி இருந்தது, மண்டை நிறைய தர்க்கம் இருந்தது. அங்கியை அம்மா கிழித்துத் தலையணை உறை தைத்துவிட்டாள். தர்க்கத்தை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

துறைமுகத்தில் அவன் கிரேன் தூக்காத நாற்றம் கிடையாது. எலும்பு மூட்டை, பதப்படுத்தாத தோல், கந்தகம், கப்பலிலேயே புழுத்துப்போன தானியம். கீழே நிற்கிற ஆட்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். இவன் மேலே கூண்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து நிதானமாகச் சாப்பிடுவான். அவனுக்குக் குமட்டியதெல்லாம் ஒழுங்கில்லாத பேச்சும் ஒழுங்கில்லாத பக்தியும்தான். பக்கத்து வீட்டு மரியம் அந்தோணியாருக்கு உப்பும் மிளகும் போட்டுவிட்டு, அதே கையோடு அம்மன் கோயில் கூழையும் வாங்கிக் குடிப்பாள். அதைப் பார்த்துவிட்டு "கலீஜ், சுத்தக் கலீஜ்" என்று வாசலில் போய்த் துப்புவான்.

ஆனால் சந்தேகம் என்று வந்தால் அந்த மரியமே அவனிடம்தான் வந்து நிற்பாள். வெள்ளிக்கிழமை கறி ஆகாது என்று கட்டுப்பாடு இருந்த காலம். குப்பத்தில் ஆமை அடித்தால், ஆமை கறியா மீனா என்று தெருவே முழிக்கும். சவரிநாதன் தீர்ப்புச் சொல்வான். "கடல்ல பொழைக்கிறது கடல் ஜாதி. நாலு காலு கீதுன்னு ஆடு ஆயிடுமா? துன்னு." தெரு சந்தோஷமாகச் சாப்பிடும். பங்குச் சாமியாரே சில சமயம் ஆள் அனுப்பி அவனை அழைத்து வரச் சொல்வார். இப்படித்தான் அவனுக்குக் கிறுக்கு ஏறியது.

அவன் பெயர் நிலைத்தது கல்மண்டபம் முனையில் நடந்த ஒரு கூட்டத்தில். அவனுடைய தோஸ்து எத்திராஜ், அதே வார்ஃபில் சரக்கு இழுக்கிற விஞ்ச் ஓட்டுகிறவன், கறுப்புச் சட்டைக்காரன். பகலில் ரெண்டு பேரும் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுப்பார்கள். சாயங்காலம் எத்திராஜ் மேடை ஏறிக் கடவுள் இல்லை என்பான். அன்றைக்கு மேடையிலிருந்தபடியே சவரியைக் கையைக் காட்டிக் கூப்பிட்டான்.

"மாமு, உங்க ஆண்டவரு சர்வ வல்லவருதானே? அவராலயே தூக்க முடியாத ஒரு கல்லு, அத்த அவரு படைப்பாரா மாட்டாரா? படைச்சா, தூக்க முடியல. படைக்கலன்னா, படைக்க முடியல. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு."

கூட்டம் விசில் அடித்தது. சவரி மேடைக்குப் போகவில்லை, கீழேயே நின்று பேசினான்.

"நான் கிரேன் ஓட்டுறவன் நைனா. நீ எத்தக் கட்டி மாட்டுறியோ அத்தத் தூக்குவேன். நீ இன்னா மாட்டின? எல்லாத்தையும் தூக்குறவரு தூக்க முடியாத கல்லுன்ற. அது கல்லே இல்ல, வெறும் சத்தம். கொக்கியில ஒண்ணுமே மாட்டாம, 'பாத்தியா, கிரேனால தூக்க முடியல'ன்னு சிரிக்கிற."

இந்தத் தடவை விசில் இந்தப் பக்கம் வந்தது. எத்திராஜ் விடவில்லை. "அப்போ உன் ஆண்டவருக்கு மேல தர்க்கம்னு ஒரு மேஸ்திரி கீறான். அவன் 'கூடாது'ன்னா ஆண்டவரும் கூடாதுன்னு குந்திக்கணும். அதானே?"

சவரி விரலை மடக்கினான். "தர்க்கம் ஆண்டவருக்கு மேல கீதுன்னா அவரு கூலியாளு. கீழ கீது, அவரு இஷ்டத்துக்குப் பண்ணி வெச்சதுன்னா, நாளைக்கே பொய்ய நெஜம்னுவாரு, கொலைய புண்ணியம்னுவாரு. ரெண்டும் இல்ல. அது அவரோட கொணம். அவரால பொய் சொல்ல முடியாது, மாற முடியாது, தன்னையே மறுக்க முடியாது. முடியாதுன்றது சொத்தை இல்லடா எத்திராஜி, அதான் அவரு!"

நல்ல பதில்தான். இன்றைக்குக் கேட்டாலும் குற்றம் சொல்ல முடியாது. படித்த சாமியார்கள் கூட அதற்கு மேல் ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. ஆனால் ஆண்டவருடைய குணம் ஒழுங்கானது என்பது ஒரு பேச்சு. எனக்கு ஒழுங்காகப் படுவதுதான் ஆண்டவருடைய குணம் என்பது வேறு பேச்சு. ரெண்டுக்கும் நடுவில் உள்ள வாசலை அன்றைக்குக் கிடைத்த கைதட்டலில் அவன் தாண்டிவிட்டான். தாண்டியது அவனுக்கே தெரியாது.

ஃப்ளோரா அவனைக் கட்டிக்கொண்டது அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் என்று மரியம் சொல்வாள். இருக்கலாம். ராயபுரத்துப் பெண், எதற்கும் பொசுக்கென்று சிரித்துவிடுகிறவள். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள். "இன்னாங்க, நம்ம அழுதா, பாவப்பட்டுக்கூட ஆண்டவரு மனசு மாறமாட்டாரா?"

"மாறுறது மனுஷ கொணம்."

"எங்கம்மா அடிக்கிறதுக்குக் கைய ஓங்கும். நாங்க அழுதா அப்படியே எறக்கிடும்."

"அதான் உங்கம்மா ஆண்டவரு இல்ல" என்றான். அவளும் சிரித்துவிட்டாள். அப்போது அது வெறும் பேச்சு, சிரிக்க முடிந்தது.

வருஷக் கணக்கில் குழந்தை இல்லை. ஃப்ளோரா ஏறாத மாதா கெபி இல்லை, ஏற்றாத மெழுகுவர்த்தி இல்லை. கடைசியில் ஒரு வழியாக வயிறு திறந்தது. அந்த வருஷம் மாதா சப்பரத்தின்போது சவரி ஒரு பாட்டில் பன்னீர் வாங்கி வந்தான். கடையில் தண்ணீர் கலந்து விற்கிற சரக்கு அல்ல, ரோஜாவிலிருந்து வடித்த அசல் சரக்கு. மாதாவுக்குக் கலப்படம் ஆகாது என்று தெருவெல்லாம் காட்டினான். சப்பரத்துக்குத் தெளித்தது போக மீதியை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

அவர்கள் இருந்தது திருவொற்றியூர்ப் பக்கம். சுற்றிலும் தொழிற்சாலைகள் வந்த பிறகு கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும். மூக்குக்குக் கிட்டே கொண்டு போனால் மண்ணெண்ணெய் வாடை. பாத்திரம் கழுவினால் பாத்திரமும் நாறும். குழாய்த் தண்ணீர் வந்தால் குடிப்பதற்கு, வராத நாளில் தலையெழுத்து என்று அந்தக் கிணறுதான்.

பிரசவம் பார்க்கிறவள் குப்பம்மா, கடலோரக் குப்பத்து மீனவப் பெண். மாரியாத்தாளைக் கும்பிடுகிறவள்தான், ஆனால் அந்தத் தெருவில் பாதி கிறிஸ்தவப் பிள்ளைகள் அவள் கையில் விழுந்தவை. பிறந்த பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தால் சாமியார் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி அந்த வாசகத்தைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாம், வேறு மதத்தார் கொடுத்தாலும் செல்லும் என்பது திருச்சபைச் சட்டம். குப்பம்மாளுக்கு அந்த வாசகத்தைச் சொல்லிக்கொடுத்ததே சவரிநாதன்தான். "பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து நாமத்தினாலே" என்பதில் 'இஸ்பிரீத்து' அவள் நாக்கில் புரள மறுத்தது. ஒரு எழுத்து பிசகினாலும் பேஜாரு என்று அவளை உட்கார வைத்து, புரளும் வரை விடவில்லை. வாசகத்தில் அவ்வளவு கறார். தண்ணீரைப் பற்றி, "தலையில ஊத்து" என்று சொன்னதோடு சரி. தண்ணீர் என்றால் என்ன என்று யாராவது பாடம் நடத்துவார்களா?

குழந்தை மாதம் நிறையாமல் பிறந்தது, கத்திரி வெயிலில். சவரி துறைமுகத்தில் தோல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். சேதி வந்ததும் எத்திராஜ் கீழேயிருந்து கையைக் கையை ஆட்டி அவனை இறக்கினான். ரெண்டு பேரும் ஒரே சைக்கிளில் மிதித்து வீடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆண் பிள்ளை. கொஞ்ச நேரம்தான் மூச்சு இருந்தது.

வாசலில் குப்பம்மா ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகைக்கு நடுவே அவள் முகத்தில் ஒரு பெருமிதம் இருந்தது.

"புள்ள பூட்டுது நைனா. ஆனா சும்மா உடல. நீ சொன்ன வாசகம் ஒரு எழுத்து பிசகாம சொன்னேன். ஞானஸ்நானத்தோடதான் போச்சி."

"ஆமா சவரி, சம்மனசு ஆயிட்டான், நேரா மோட்சந்தான்" என்று மரியம் உள்ளேயிருந்து சொன்னாள். ஃப்ளோரா பாயில் படுத்திருந்தாள். துணியில் சுற்றிய பிள்ளை பக்கத்தில் இருந்தது. அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தாலும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தாள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் உள்ளே போயிருப்பான். போய்ப் பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு கத்தியிருப்பான். இவன் வாசலிலேயே நின்றான். வீடு முழுக்க ரோஜா வாசனை அடித்தது. மாதா படத்துக்குப் பக்கத்தில் காலி பாட்டில் நின்றது.

"குப்பம்மா, எந்தத் தண்ணிய ஊத்தின?"

"தண்ணியா?" என்றாள் குப்பம்மா. "குழாயில இன்னிக்கி ஒரு சொட்டு வரல. பானையில இருந்தத்த ஃப்ளோரா குடிச்சிடிச்சி. அந்த நாத்தம் புடிச்ச கெணத்துத் தண்ணியையா நைனா, சாமிகிட்ட போற புள்ள தலையில ஊத்துவேன்? எனக்கே கொமட்டுது. மாதாகிட்ட இருந்திச்சே பன்னீரு, அத்த அப்படியே எடுத்து ஊத்திட்டேன். புள்ள மணக்க மணக்க போச்சி."

"பச்சத் தண்ணி ஒரு சொட்டாச்சும் பட்டுதா?"

"சீ, இல்ல நைனா. சுத்தமா பன்னீருதான்."

அவள் நல்லது செய்துவிட்டதாக நினைத்து, அவன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரும் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கோ குருமடத்துப் பாடம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஆற்று நீர் செல்லும், கடல் நீர் செல்லும், சேறு கலந்த நீரும் செல்லும். பூவிலிருந்து வடித்தது பூவின் சாறு, அது செல்லாது. எண்ணெய் மிதக்கிற கிணற்று நீரை ஊற்றியிருந்தால் பிள்ளை மோட்சம் போயிருக்கும். அசல் பன்னீரை ஊற்றியதால் போகவில்லை. இப்படி ஒரு முடிவு வந்தால், மனுஷனாகப் பிறந்தவன் முதலில் அந்தப் பாடத்தைச் சந்தேகப்பட வேண்டாமா? அவன் சந்தேகப்படவில்லை. சீ!

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையை மந்திரித்த மண்ணில் வைக்கக்கூடாது என்பது அப்போதைய கட்டுப்பாடு. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே ஒரு துண்டு நிலம். தூக்குப் போட்டுக்கொண்டவர்களும் இந்த மாதிரிப் பிள்ளைகளும் அங்கே. அந்தப் பிள்ளைகள் போகிற இடம் மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, ஆண்டவர் முகம் தெரியாத ஒரு ஓரம் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இப்போது எல்லாம் சவரியின் வாயில் இருந்தது. அவன் வாயை மூடிக்கொண்டால் பிள்ளை உள்ளே, திறந்தால் வெளியே.

ஃபாதர் ஹென்றி சைக்கிளில் வந்து இறங்கினார். இளவயசுக்காரர், சாவு வீட்டுக்கு வந்தால் அவருக்கே கண் கலங்கிவிடும். தோளில் ஊதாப் பட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே போக இருந்தவரைச் சவரி வாசலில் நிறுத்தினான்.

"ஃபாதர், ஞானஸ்நானம் செல்லாது. பன்னீர் ஊத்திட்டாங்க."

விஷயம் விளங்கியதும் ஃபாதர் ஹென்றி குரலைத் தாழ்த்தினார். "இத யார் உன்ன கேட்டாங்க சவரி? எனக்குக் காது கேக்கல. வழிய விடு."

"உங்களுக்குக் கேக்கலன்னாலும் ஆண்டவருக்குக் கேக்குது."

"பன்னீர்னாலும் அதுல பாதி தண்ணிதான் இருக்கும். சந்தேகம்னு வந்தா பிள்ளை பக்கம்தான் தீர்ப்பு. போதுமா?"

"சந்தேகமே இல்ல ஃபாதர். வாங்கினவன் நானு. வடிச்ச பன்னீரு, தண்ணி சேராதது. ஊருக்கே தெரியும்."

உள்ளே அழுகைச் சத்தம் நின்றுவிட்டது. பெண்கள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். ஃபாதர் அவன் தோளில் கை வைத்தார். "நீயும் ஃப்ளோராவும் ஞானஸ்நானம் கொடுக்க ஆசைப்பட்டீங்க இல்ல? அந்த ஆசையை ஆண்டவர் பார்க்க மாட்டாரா?"

"ஆசை என்னுது. புள்ளைக்கு ஆசைப்படுற வயசு இல்ல."

"ஆண்டவர் தான் ஏற்படுத்தின சடங்குக்குத் தானே அடிமையா சவரி? நினைச்சா அது இல்லாமலும் காப்பாத்துவார்!"

இது நல்ல அடி. கேட்டுக்கொண்டிருந்த எத்திராஜ் கூடத் தலையை ஆட்டினான். சவரி ஒரு நிமிஷம் கண்ணை மூடினான். பிறகு கண்ணைத் திறந்தபோது, பிள்ளை செத்த வீட்டு வாசலில், அந்த முகத்தில், கல்மண்டபம் முனையில் பார்த்த அதே வெளிச்சம் வந்தது.

"அவரு அடிமை இல்ல ஃபாதர். நம்ம அடிமை. அவரு இன்னா பண்ணுவாரோ அது அவரு கையில. கல்லறை நம்ம கையில. நம்ம கைக்கு அவரு குடுத்தது சட்டம்தான். நாளைக்கு இன்னொருத்தன் பாலை ஊத்திட்டு வந்தா, எளநிய ஊத்திட்டு வந்தா, அவனுக்கு இன்னா சொல்லுவீங்க? சவரிநாதன் புள்ளைக்கு ஒண்ணு, ஊரான் புள்ளைக்கு ஒண்ணுன்னா, அது ஆண்டவரு கொணம் இல்லியே."

ஃபாதர் ஹென்றி அப்போது பேசாமல் உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கியிருக்க வேண்டும். அவருக்கு அந்த தைரியம் இல்லை. பட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சவரி ஜெயித்துவிட்டான்.

குப்பம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்தாள். "நான் கெடுத்துட்டனா? மணக்கட்டும்னுதானே ஊத்துனேன்?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் எந்த வீட்டுக்கும் பிரசவம் பார்க்கப் போகவில்லை. ஃப்ளோரா பிள்ளையைத் தானே எடுத்து எத்திராஜ் கையில் கொடுத்தாள். புருஷன் கையில் கொடுக்கவில்லை.

சுவருக்கு வெளியே இருந்த நிலத்தைப் பற்றி என்ன சொல்வது? நாயுருவிச் செடி, உடைந்த சட்டி, தெருவாசிகள் ஒதுங்கிவிட்டுப் போன அசிங்கம். பன்றி கிளறாமல் இருக்க மேலே கல்லைத் தூக்கிப் போட வேண்டும். கடவுள் இல்லை என்கிற எத்திராஜ்தான் குழி வெட்டினான், அவன்தான் கல்லைத் தேடிக்கொண்டு வந்தான். எல்லாம் முடிந்து கையைத் தட்டிக்கொண்டே சொன்னான்.

"மாமு, அவரு இல்லன்னு நான் சொல்றேன். இருக்காருன்னு சொல்லி நீ இம்மாம் அசிங்கம் பண்ற. என்னுது எவ்ளோ தேவலாம்டா."

இதற்கும் சவரியிடம் பதில் இருந்தது. சொல்லியும் விட்டான். எத்திராஜ் கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பங்கில் அவன் மதிப்பு ஏறியது. சொந்தப் பிள்ளைக்குக்கூடப் பாரபட்சம் பார்க்காத மனுஷன் என்றார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். முதலில் அது அவனுக்குத் தெம்பாகத்தான் இருந்தது. பிறகு எப்போதோ, அழுகிய பழத்தைக் கையில் திணிக்கிற மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் ஃப்ளோரா சோறு பொங்கினாள், துவைத்தாள், பூசைக்குப் போனாள். 'இன்னாங்க' என்று கூப்பிடுவது மட்டும் நின்றுபோனது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வாள். ஞாயிறு தவறாமல் கல்லறைத் தோட்டத்துக்குப் போவாள்; உள்ளே போகமாட்டாள், சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போவாள். அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. பிறக்க வழியும் இல்லை, அவள் பாயை அடுப்பங்கரைக்கு மாற்றிக்கொண்டாள்.

எழுபதுகள் ஆரம்பித்தபோது பூசை தமிழுக்கு வந்து, சாமியார் ஜனங்களைப் பார்த்து நின்று பேசுகிற காலம் வந்துவிட்டது. ஃபாதர் ஹென்றி வேறு பங்குக்குப் போய்விட்டுத் திரும்பி வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவிழா வரி, கல்யாண அறிவிப்பு எல்லாம் சொல்லிவிட்டு, அதோடு அதாக இதையும் சொன்னார். ஞானஸ்நானம் பெறாமல் இறந்துபோன குழந்தைகளுக்கும், பெற்றோர் அதை விரும்பியிருந்தால், இனிமேல் மற்றவர்களைப் போலவே அடக்கச் சடங்கு செய்யலாம். ரோமையிலிருந்து புதிய முறை வந்திருக்கிறது.

சவரிநாதன் தூணோடு ஒட்டிக்கொண்டான். அவன் மண்டை வழக்கம்போல வேலை செய்தது. இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை, ஆண்டவர் மாறவில்லை, சடங்குச் சட்டம் வேறு, ஆண்டவருடைய குணம் வேறு, சட்டம் மாறலாம், சத்தியம் மாறாது. சுத்தமான பதில், குருமடத்துப் பிள்ளையாக இருந்தபோதே படித்த பதில். அங்கேதான் அவன் மாட்டிக்கொண்டான். படித்திருந்தானே! ரெண்டும் வேறு வேறு என்பது அன்றைக்கு வாசலில் நின்றபோதும் அவனுக்குத் தெரியும். அதை எடுத்துப் பிள்ளை பக்கம் வைத்திருந்தால் தர்க்கத்துக்கு ஒரு குறையும் வந்திருக்காது, ஆண்டவருக்கும் வந்திருக்காது. ஃபாதர் ஹென்றி கெஞ்சிக்கொண்டு நின்றது அந்தப் பதிலுக்காகத்தான். இவன் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை? ஜெயிக்கிற பக்கம் அது இல்லை. ஆண்டவரைக் காப்பாற்றவும் இல்லை, சத்தியத்தைக் காப்பாற்றவும் இல்லை. செத்த பிள்ளையை நடுவில் போட்டு ஒரு வாதத்தில் ஜெயித்தான், அவ்வளவுதான். தன் வாயே தனக்கு நாறுகிறது என்று அவனுக்கு முதல் தடவையாகத் தோன்றியது அன்றைக்குத்தான்.

பூசை முடிந்ததும் ஃபாதரே அவர்களைத் தேடி வந்தார். அவருக்கும் அது இத்தனை வருஷமாக உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கும். மூன்று பேரும் சுவருக்குப் பின்னால் போனார்கள். எத்திராஜ் போட்ட கல்லைச் சுற்றி ஃப்ளோரா பெருக்கி வைத்திருந்தாள். ஃபாதர் தீர்த்தச் செம்பைத் திறந்தார்.

"மண்ணை மந்திரிச்சிடறேன் ஃப்ளோரா. இவ்வளவு நாள் ஆனதுக்கு மன்னிச்சிடும்மா."

"வாணாம் ஃபாதர்" என்றாள் ஃப்ளோரா. "புள்ளைக்கு ஒண்ணும் வாணாம். அது எங்க கீதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

"எப்படித் தெரியும்?"

கேட்டது சவரிநாதன். கேட்கவேண்டும் என்று அவன் நினைக்கக்கூட இல்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

ஃப்ளோரா அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவனை நேராகத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. காலில் மிதிபட்டதைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, ஃபாதரிடமே சொன்னாள்.

"நான் அழுதேன், அவரு எடுத்துக்கினாரு. அம்புட்டுதான். செவுத்துக்கு வெளிய நிக்கிறது புள்ள இல்ல ஃபாதர், இந்த ஆளுதான். தெளிக்கிறதுன்னா இவுரு மேல தெளிங்க."

சவரிநாதன் அவள் காலில் விழவேண்டும் என்றுதான் நினைத்தான், சத்தியமாக நினைத்தான். ஆனால் அதற்குள் ஒரு பதில் வந்து நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தாயின் மனசில் படுவது சாட்சி ஆகாது என்று ஆரம்பித்து, ஒன்றன்பின் ஒன்றாக, பிசிறு இல்லாமல், முழுசாக வந்து நின்றது. சொன்னால் ஃபாதரால் மறுக்க முடியாது, ஃப்ளோராவாலும் முடியாது. சொன்னால் ஜெயித்துவிடுவான். அது வந்த வேகத்தையும் அதன் ஒழுங்கையும் பார்த்ததும் அவன் ரெண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, காலையில் குடித்த காபியிலிருந்து எல்லாவற்றையும் கக்கினான். ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகும் உடம்பு உலுக்கிக்கொண்டே இருந்தது.

ஃபாதர் பதறிப்போய் அவனைத் தாங்கப் போனார். ஃப்ளோரா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உடுங்க ஃபாதர்," என்றாள். "வரட்டும்."